மகனுக்கு ‘மேசன்’ என்று பெயர் வைக்கலாமா? பொருளும் பரவலும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வன்னிக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மகன் பிறந்து ஐந்து வாரங்கள் ஆகிவிட்டன. இங்கிலாந்தில் பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும். இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது. பிள்ளை தூங்கும் இடைவெளியில் இதை எழுதுகிறேன்.

என் கணவர் யோர்க்ஷயர்காரர். அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் மேசன். மாமிக்கு உடன்பிறந்த ஆண்கள் இல்லை. அந்தப் பெயர் தன்னோடு முடிந்துவிடுகிறதே என்று அவருக்குக் கவலை. பேரனுக்கு அதையே முதற்பெயராக வைத்தால் நன்றாக இருக்கும் என்று மிகவும் தயங்கித்தான் கேட்டார். கணவருக்கும் விருப்பம்.

எனக்குத்தான் சிக்கல். என் அப்பா வவுனியாவில் முப்பது வருடங்களுக்கு மேல் மேசனாக வேலை செய்தவர். இந்தியாவில் கொத்தனார் என்பதை இலங்கையில் நாங்கள் மேசன் என்றுதான் சொல்வோம். மேசன் வேலை, மேசன் கூலி, நாளைக்கு மேசன் வருவார் என்று சின்ன வயதில் இருந்து கேட்ட சொல். எனக்கு அது ஆங்கிலச் சொல்லாகவே தோன்றியதில்லை. தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் அப்பா ‘மேசனா?’ என்று ஒரு முறை கேட்டார். பிறகு பேச்சை மாற்றிவிட்டார். சித்தி நேரடியாகவே கேட்டுவிட்டார்: ‘மேசனின் பேரனுக்கு மேசன் என்றே பெயரா? உங்களைப் படிக்க வைத்ததே அந்தக் கரண்டியைப் பிடிக்கக் கூடாது என்றுதானே?’

ஆங்கிலேயர் இந்தப் பெயரைக் கேட்கும்போது அவர்கள் காதில் அந்த வேலை விழுகிறதா? இது எப்படி ஆண்பிள்ளைகளின் பெயரானது? இப்போது எல்லோரும் வைக்கும் பெயரா, அல்லது பழையதாகிவிட்டதா? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


சொல்வேர் எழுதியது:

தங்கைக்கு வாழ்த்துகள். சொல்லின் வழியை நான் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே மாசோன். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு கோட்டைகளும் பேராலயங்களும் கல்லில் எழத் தொடங்கின. கட்டுவித்தவர்கள் பிரெஞ்சு பேசியவர்கள். வேலையின் பெயரும் அவர்கள் வாய்ச்சொல்லாகவே நின்றுவிட்டது. அதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் இருந்த சொல் ‘ஸ்டான்விர்ஹ்டா’. கல்லில் வேலை செய்பவன் என்று பொருள். அதன் பிற்பாதிதான் இன்று ரைட், வெயின்ரைட் என்ற குடும்பப் பெயர்களில் வாழ்கிறது.

பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம் எது? ஏழாம் நூற்றாண்டில் செவில் நகர ஆயராக இருந்த இசிதோர், இலத்தீனில் வழங்கிய ‘மாகியோ’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் எழுதினார். சுவர் உயரமாக இருப்பதால் இவர்கள் ஏறி நிற்கும் சாரங்களுக்கு ‘மாகினா’ என்று பெயர், அதனால் இவர்கள் மாகியோ என்றார். படிக்க அழகான விளக்கம். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. பிராங்கு மொழியில் ‘செய்’ என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது என்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘மேக்’ என்று சொல்கிறோமே, அதற்கு உறவு. ஆக, அடிப்படையில் மேசன் என்றால் செய்பவன். ஜெர்மன் மொழியில் கல்தச்சருக்கு உள்ள ஸ்டைன்மெட்ஸ் என்ற சொல்லின் பின்பாதியும் இதே குடும்பம்தான்.

நம் கொத்தன் ‘கொத்து’ என்பதிலிருந்து வருகிறான். உளி படும் ஓசை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மேசன் என்பதில் கல்லும் இல்லை, உளியும் இல்லை. செய்கை மட்டும் இருக்கிறது. கருமம் செய்பவர் கம்மியர் ஆனதைப் போல.

குடும்பப் பெயரான கதை எளிது. ஓர் ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் வரி எழுதுகிறவன் என்ன செய்வான்? கல்வேலைக்கார ஜான் என்று எழுதுவான். பழைய ஏடுகளில் ‘ஜான் லெ மேசன்’ என்ற வடிவில் இருக்கும். 1200களில் இருந்து 1400கள் வரை இப்படிப்பட்ட அடைமொழிகள் மெல்ல மெல்லப் பரம்பரைப் பெயர்களாக உறைந்தன. அப்பன் கல்வேலைக்காரன், மகன் ரொட்டி சுடுகிறவன், பெயர் மட்டும் மேசன் என்ற நிலை அப்போதே வந்துவிட்டது. தங்கையின் மாமியார் வீட்டில் கடைசியாகக் கல் செதுக்கியவர் இருந்து பல தலைமுறைகள் ஆகியிருக்கும்.


பனிக்காலம் எழுதியது:

நான் டொராண்டோவில் இருக்கிறேன். மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன், தங்கை கோபிக்க வேண்டாம். வைக்காதீர்கள்.

காரணம் வேலை தாழ்ந்தது என்பதல்ல. என் அண்ணனும் சீமெந்து குழைத்துத்தான் எங்களை இங்கே அனுப்பினார். ஆங்கிலேயருக்கு மேசன் வெறும் ஒலி. அவர்கள் ஊரில் பெயரும் தொழிலும் பிரிந்து அறுநூறு வருடங்கள் ஆகின்றன. நம் ஊரில் தொழிலின் பெயர் ஆளின் முதுகில் ஏறி உட்கார்ந்தது, அவன் பிள்ளை முதுகிலும் உட்கார்ந்தது. சில குடும்பங்களில் இன்னும் இறங்கவில்லை. தொழிலைச் சொல்லிக் கூப்பிடுவதே அவமதிக்கும் வழியாக இருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். உங்கள் அப்பாவை யாராவது ஒரு முற்றத்தில் நிற்க வைத்து ‘ஏய் மேசன்’ என்று கூப்பிட்டிருப்பார்கள். அந்தச் சொல்லைப் பேரனைப் பார்த்து அவர் தம் வாயால் கூப்பிட வேண்டும். அவர் தொலைபேசியில் பேச்சை மாற்றியதற்கு இதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது.

நடுப்பெயராக வையுங்கள். மாமியாருக்கும் நிறைவு, அப்பாவுக்கும் நோவில்லை.


எண்ணும் எழுத்தும் எழுதியது:

பரவலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன், அமெரிக்கக் கணக்கு எனக்குப் பழக்கம். அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது. 1880 வரை பின்னோக்கிப் பார்க்கலாம்.

மேசன் நெடுங்காலம் எங்கோ நடுவில் கிடந்த பெயர். 1990களில் ஏறத் தொடங்கியது. 2009-ல் 34ஆம் இடம், 2010-ல் 12, 2011-ல் இரண்டாம் இடம். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 19,000க்கும் மேற்பட்ட ஆண்குழந்தைகளுக்கு இந்தப் பெயர் வைக்கப்பட்டது. ஜேக்கப் மட்டும்தான் அதற்கு மேலே இருந்தது. 2012-லும் இரண்டாம் இடமே. அதன் பிறகு மூன்று, நான்கு என்று இறங்கி, 2018-லும் 2019-லும் ஒன்பதில் நின்று, 2020-ல் முதல் பத்திலிருந்து வெளியேறியது.

இதற்குக் காரணமாக எல்லோரும் கர்தாஷியன் குடும்பத்தைச் சொல்வார்கள். தொலைக்காட்சியில் நாள்தோறும் வந்துகொண்டிருந்த அந்தக் குடும்பத்தில் 2009 டிசம்பரில் பிறந்த ஆண்குழந்தைக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளின் பாய்ச்சலைப் பார்த்தால் தொடர்பில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குழந்தை பிறக்கும்போதே பெயர் 34ஆம் இடத்துக்கு வந்திருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. ஏறிக்கொண்டிருந்த அலையில் அவர்களும் ஏறினார்கள், ஏறிய பிறகு அலை இன்னும் உயர்ந்தது. நான் இதை இப்படித்தான் படிக்கிறேன்.

ஒலியும் ஒரு காரணம். அந்த ஆண்டுகளின் பட்டியலைப் பாருங்கள்: ஜேடன், ஈதன், எய்டன், லோகன். எல்லாமே இரண்டு அசை, ‘ன்’ என்று முடிபவை. 1970களில் ஜேசன் என்ற பெயர் இதே உச்சியில் இருந்தது. ஜேசன்கள் தகப்பன்மார் ஆன காலத்தில் மேசன் வந்தது. அந்த ஓசை காதுக்குப் புதிதாகவும் இருந்தது, பழகியதாகவும் இருந்தது.

பனிக்காலம் அண்ணன் சொன்னதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். அந்த 19,000 வீடுகளில் கல் வேலையை நினைத்துப் பெயர் வைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.


மேசைவிளக்கு எழுதியது:

சிறு குறுக்கீடு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010களில் மேசன் முதல் நூறு பெயர்களுக்குள் இருந்தது. கால்பந்து பார்ப்பவர்களுக்கு 1999-ல் போர்ட்ஸ்மத்தில் பிறந்த மேசன் மவுண்ட் தெரியும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு மேசன் கிரேன். 2018 ஜனவரியில் சிட்னியில் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடிய சுழற்பந்து வீச்சாளர். 193 ஓட்டங்கள் கொடுத்து ஒரே ஒரு விக்கெட், அதுவும் 171 எடுத்துவிட்ட உஸ்மான் கவாஜா. அன்று அந்தப் பையன் தலை குனியாமல் ஓவர் ஓவராக வீசிக்கொண்டே இருந்ததைப் பார்த்த நினைவு இன்னும் இருக்கிறது.

இரகசியச் சங்கத்தோடு தொடர்பா என்று யாரேனும் பயமுறுத்தினால் கவலைப்பட வேண்டாம். ஃப்ரீமேசன்களின் முதல் பெருஞ்சபை இலண்டனில் தோன்றியது 1717-ல் என்று வழக்கமாகச் சொல்வார்கள். மூலைமட்டம், கவராயம் போன்ற அடையாளங்களை அவர்கள் கல்வேலைக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையின் பெயருக்கும் அதற்கும் ஓர் ஒட்டும் இல்லை.


கல்லோசை எழுதியது:

பனிக்காலம் அவர்களின் பதிவைப் படித்துவிட்டு இரவு முழுவதும் யோசித்தேன். ‘வெறும் ஒலி’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் லிங்கன் நகரில் சில வருடங்கள் இருந்தேன். அங்குள்ள பேராலயத்துக்குச் சொந்தமாகக் கல்வேலைப் பட்டறை உண்டு. யோர்க், கான்டர்பரி, சால்ஸ்பரி, குளோஸ்டர் என்று இன்னும் சில பேராலயங்களுக்கும் அப்படிப் பட்டறைகள் இருக்கின்றன. மழையிலும் பனியிலும் அரிக்கப்பட்ட கல்லை எடுத்துவிட்டு, அதே அளவில், அதே வளைவில் புதுக்கல் செதுக்கி வைப்பது ஒரு நாளும் முடியாத வேலை. மேசையில் கல்லை வைத்துச் செதுக்குபவருக்கு ‘பேங்கர் மேசன்’ என்று பெயர். வங்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை, அவர் செதுக்கும் அந்தக் கல்மேசைக்குத்தான் பேங்கர் என்று பெயர். செதுக்கியதைச் சுவரில் ஏற்றி நிறுத்துபவர் வேறு. இன்றும் இளைஞர்கள் பயிற்சிக்குச் சேர்கிறார்கள், பெண்களும் சேர்கிறார்கள். அந்த ஊரில் மேசன் என்றால் கண்ணெதிரே உளி பிடித்து நிற்கும் ஆள்.

பழைய சுவர்களில் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் சின்னச் சின்னக் கீறல்கள் தெரியும். அம்பு போல, முக்கோணம் போல, இரண்டு கோடு குறுக்கே வெட்டியது போல. மேசன் குறிகள் என்பார்கள். செதுக்கியவன் தன் கல்லில் போட்ட அடையாளம். கல் கணக்கில் கூலி வாங்கியவர்கள் எண்ணிக்கைக்காகப் போட்டிருக்கலாம் என்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் 800 வருடங்களுக்கு முன் ‘இது நான் செய்தது’ என்று வைத்துவிட்டுப் போன கையொப்பம் அது. முதன்முதலில் விரலால் தொட்டுப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இந்த வேலைக்கு இருந்த மதிப்பும் ஏட்டில் இருக்கிறது. 1348, 1349-ல் பெருங்கொள்ளை நோய் இங்கிலாந்தில் பெருந்தொகையானவர்களைக் கொன்றது. உயிரோடு இருந்த வேலைக்காரர்கள் கூலியை உயர்த்திக் கேட்டார்கள். அரசு அதைத் தடுக்க 1351-ல் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு வேலைக்கும் நாட்கூலி எழுதியிருக்கிறது. நயமான கல்லில் வேலை செய்யும் தலைமை மேசனுக்கு 4 பென்னி, மற்ற மேசன்களுக்கு 3, அவர்களுடைய கையாட்களுக்கு ஒன்றரை. அதற்கு மேல் கேட்டால் தண்டனை. பெரிய தேவாலயங்களைப் பார்த்து வியக்கிறவர்கள் இந்தப் பட்டியலையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் பெயர் மட்டும் இன்னும் உரக்கச் சொல்லப்படுகிறது: ஹென்றி யெவெல். அரசரின் தலைமை மேசன். 1390களில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைப் புதுப்பித்தபோது சுவர் வேலை அவருடையது, மேலே உள்ள மாபெரும் மரக்கூரை ஹியூ ஹெர்லண்ட் என்ற தச்சருடையது. யெவெல் 1400-ல் இறந்தார். மன்னர்கள் முடிசூடிய விருந்துகள் நடந்த அந்த மண்டபத்தின் சுவர்களைப் புதுப்பித்தவர் ஒரு மேசன் என்று தங்கையின் அப்பாவிடம் சொல்லுங்கள். அது வெறும் ஒலி அல்ல.


கரணை எழுதியது:

திண்டுக்கல் பக்கம். அப்பா கொத்தனார், நானும் கொத்தனார், இப்போது சிறிய அளவில் வீடு கட்டித் தருகிறேன். நான் இந்தக் களத்தில் அதிகம் எழுதுவதில்லை.

எங்கள் பக்கம் மேஸ்திரி என்பார்கள். அதுவும் போர்ச்சுக்கீசியச் சொல் என்று ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மரியாதைக்குக் கொத்தனார். அந்த ‘ஆர்’ விகுதியைக் கவனியுங்கள். எல்லா வேலைக்கும் அது வருவதில்லை.

அந்தக் கூலிப் பட்டியலைப் படித்தபோது நெஞ்சில் ஏதோ செய்தது. தலைமைக் கொத்தனார், கொத்தனார், சித்தாள். எங்கள் வேலையிடத்தில் இன்றும் அதே மூன்று படிதான். 1351 என்கிறீர்கள்.

தங்கையின் தகப்பனார் ஏன் அமைதியானார் என்று எனக்கு வேறு ஒரு எண்ணம். அவமானம் என்று பனிக்காலம் எழுதியிருக்கிறார். அப்படியும் இருக்கலாம். ஆனால் முப்பது வருடங்கள் தூக்குக்குண்டு பிடித்தவருக்குத் தம் வேலையில் வெட்கம் இருக்காது. தெருவில் நடந்து போகும்போது ‘இந்த வீடு நான் எழுப்பியது, இந்தப் படி நான் வைத்தது’ என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே போவோம். நாற்பது வருடங்களுக்கு முன் அப்பா எழுப்பிய மதில் ஒன்று இன்னும் ஒரு நூல் சாயாமல் நிற்கிறது. நான் அந்த வழியாகத்தான் போவேன், சுற்று வழியாக இருந்தாலும். உங்கள் அப்பாவுக்கு வந்தது தயக்கம் என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரச் சம்பந்தி வீட்டார் தம் வேலையை அறிந்து வைக்கிறார்களா, அறியாமல் வைக்கிறார்களா என்று அவருக்குத் தெரியாது. மாமியாரின் குடும்பப் பெயரே அதுதான் என்று சொன்னீர்களா?


வன்னிக்காற்று எழுதியது:

கரணை அண்ணா, சொல்லவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. ‘பெயர் மேசன்’ என்று மட்டும்தான் சொன்னேன். நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

பனிக்காலம் அண்ணா, எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் எழுதியதில் உண்மை இருக்கிறது. நான் பத்து வயதாக இருக்கும்போது ஒரு வீட்டில் அப்பாவுக்கு வெளித் திண்ணையில் வைத்துத்தான் சாப்பாடு கொடுத்தார்கள். அந்த வீட்டின் விறாந்தையே அவர் கட்டியது. நான் அதை மறக்கவில்லை, அவரும் மறந்திருக்க மாட்டார்.

இன்னும் ஒரு கேள்வி. மாமியின் குடும்பப் பெயரை முதற்பெயராக வைப்பது அவர்கள் ஊரில் வழக்கம்தானா? என்னோடு வேலை செய்யும் ஒருவர் அது அமெரிக்கப் பழக்கம் என்றார்.


சொல்வேர் எழுதியது:

அமெரிக்காவில் அது பெருகியது உண்மை. பிறந்த இடம் இங்கிலாந்துதான். 1605-ல் வில்லியம் காம்டன் என்ற வரலாற்றாளர், குடும்பப் பெயர்களை முதற்பெயர்களாக வைக்கும் வழக்கம் கிறிஸ்தவ உலகில் தம் நாட்டில் மட்டுமே இருக்கிறது என்று எழுதிவைத்தார். அதற்கும் முன்னால், சில நாட்கள் மட்டுமே அரசியாக இருந்த ஜேன் கிரேயின் கணவருக்கு கில்ஃபர்ட் டட்லி என்று பெயர். கில்ஃபர்ட் என்பது அவருடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயர். அவர் 1554-ல் கொல்லப்பட்டார். ஆக, தாய்வழிக் குடும்பப் பெயர் மறைந்துவிடாமல் பிள்ளையின் முதற்பெயராக வைப்பது 500 வருடப் பழக்கம். தங்கையின் மாமியார் கேட்டது அந்த மரபின் நேர் வாரிசு.

இதே வழியில் மேசன் முதற்பெயராக வந்ததற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1759-ல் மேரிலாந்தில் பிறந்த மேசன் லாக் வீம்ஸ் என்ற பாதிரியார். சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டுப் பொய் சொல்ல மாட்டேன் என்றானே, அந்தக் கதையை உலகத்துக்குக் கொடுத்தவர் இவர்தான். குடும்பப் பெயராக அந்தப் பக்கத்தில் பெரியவர் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன். 1776-ல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை எழுதினார். 1787-ல் அரசியலமைப்பில் உரிமைகள் பட்டியல் இல்லை என்று கையெழுத்திட மறுத்தார். மனித உரிமையை எழுதிய அதே கையில் அடிமைகளையும் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொழிற்பெயர்கள் முதற்பெயர்களாக வந்த வரிசை நீளமானது. கூப்பர் பீப்பாய் செய்பவர், கார்ட்டர் வண்டி ஓட்டுபவர், டைலர் ஓடு வேய்பவர், ஃப்ளெட்சர் அம்பு செய்பவர், சாயர் மரம் அறுப்பவர், சாண்ட்லர் மெழுகுதிரி செய்து விற்பவர், டானர் தோல் பதனிடுபவர். 1381-ல் இங்கிலாந்து உழவர் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய வாட் டைலரை நினைத்துப் பாருங்கள். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை டெக்ஸ்டர், பாக்ஸ்டர், வெப்ஸ்டர். சாயம் தோய்ப்பவர், ரொட்டி சுடுபவர், நெய்பவர். அந்த ‘ஸ்டர்’ என்ற விகுதி பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. சாயம் தோய்த்த பெண், ரொட்டி சுட்ட பெண், நெய்த பெண். இன்று அவை ஆண்பிள்ளைகளின் பெயர்கள், அந்தப் பெண்களை யாரும் நினைப்பதில்லை. டெய்லர் எதிர்ப்பக்கம் போனது. வெட்டுபவன் என்று பொருள் தரும் பிரெஞ்சுச் சொல், ஆண்பெயராக இருந்து, 1990களில் அமெரிக்கப் பெண்குழந்தைகளின் முதல் பத்துப் பெயர்களுக்குள் வந்துவிட்டது.


ஓலைச்சுவடி எழுதியது:

பனிக்காலம் அவர்களுக்கு ஒரு சொல். தொழிலைச் சொல்வது நம்மிடம் எப்போதும் இழிவாக இருந்ததில்லை. சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள்: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார். ஊர், தொழில், பெயர். ‘ஜான் லெ மேசன்’ இதே அமைப்புத்தான், இன்னும் ஆயிரம் வருடங்கள் பிந்தியது. பாட்டுக்குக் கீழே தொழிலோடு சேர்த்துப் பெயர் எழுதப்பட்டது, அவர்களை யாரும் கீழே உட்கார வைக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பியவரின் பெயர் கல்வெட்டில் இராசராசப் பெருந்தச்சன் என்று இருக்கிறது. தொழிலோடு அரசன் தன் பெயரைச் சேர்த்துக் கொடுத்தான். யெவெலுக்கும் நம்மவருக்கும் இடையே நான்கு நூற்றாண்டுகள்.


பனிக்காலம் எழுதியது:

ஓலைச்சுவடி, அந்தப் பெயர்கள் எனக்கும் தெரியும், பெருமையும் உண்டு. ஆனால் வெண்ணாகனாருக்கும் தங்கையின் அப்பாவுக்கும் இடையே திண்ணையில் வைத்த அந்தச் சாப்பாட்டுத் தட்டு இருக்கிறது. சங்கப் பாட்டைக் காட்டி அதை அகற்ற முடியாது.

ஆனாலும் கரணை எழுதியதைப் படித்த பிறகு என் முடிவை மாற்றிக்கொள்கிறேன். வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அப்பாவிடம் கேளுங்கள். முழுக்கதையையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.


கரும்பலகை எழுதியது:

நான் இலண்டனில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அன்றாடப் பழக்கத்தை மட்டும் சொல்கிறேன். என் வகுப்புகளில் இதுவரை மேசன் என்ற பெயரில் மூன்று பையன்கள் வந்திருக்கிறார்கள், ஒரே வருடத்தில் இரண்டு பேர் வந்ததில்லை. பெயரை வைத்து எவரும் கேலி செய்து நான் கேட்டதில்லை. எழுத எளிது, தமிழ்ப் பாட்டிமாருக்கும் சொல்ல எளிது. ஒரு முறை பழைய தொழில்களைப் பற்றிய பாடத்தில் பெயர்களின் பொருளைச் சொன்னேன். மேசன் என்ற பையன் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘அப்படியென்றால் இந்தப் பள்ளிக்கூடத்தை என் ஆட்கள்தான் கட்டினார்களா?’ என்று கேட்டான். ஆம் என்று சொன்னேன்.

பதிவைப் பற்றி ஒரு தகவல். இங்கிலாந்தில் பிறப்பைப் பதிந்த பிறகும் 12 மாதங்களுக்குள் முதற்பெயரை மாற்றிப் பதிய வழி இருக்கிறது. 42 நாட்கள் என்று பதறி முடிவெடுக்க வேண்டாம், அக்கா.


வன்னிக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அப்பாவோடு ஒரு மணி நேரம் பேசினேன்.

கரணை அண்ணா சொன்னதுதான் சரி. மாமியின் குடும்பப் பெயர் மேசன் என்றதும், ‘அவர்களும் இந்த வேலை செய்த ஆட்களா?’ என்று கேட்டார். ஒரு காலத்தில் செய்திருப்பார்கள் அப்பா, அதனால்தான் அந்தப் பெயர் என்றேன். ‘வெள்ளைக்காரன் நம்மைப் பார்த்து வைக்கிறான் என்று நினைத்தேன். அவன் தன் பாட்டன் பெயரைத்தான் வைக்கிறானா’ என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. திண்ணைக் கதையை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

பிறகு கல்லோசை அண்ணா எழுதியதை வாசித்துக் காட்டினேன். குறிகளைப் பற்றிச் சொன்னபோது, தானும் சில வீடுகளில் அத்திவாரத்தின் கடைசி வரிசையில் சீமெந்து காய்வதற்கு முன் ஆணியால் ஒரு சுழி போட்டிருப்பதாகச் சொன்னார். எனக்கு இது இவ்வளவு காலமும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாதாம்.

கூலிப் பட்டியலை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். ‘மேசனுக்கு மூன்று, கையாளுக்கு ஒன்றரை. நான் வேலைக்குப் போன காலத்திலும் கையாளுக்குப் பாதிதான். முதல் நான்கு வருடங்கள் நான் பாதிக்காரன்’ என்றார்.

செவ்வாய்க்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போகிறோம். முதற்பெயர் மேசன். நடுப்பெயர் அப்பாவின் பெயர். அதை மாமி கேட்டார், நான் கேட்கவில்லை.